கடைசல் பட்டறை கண்காட்சிக்குப் போகும்போது

மதுரை ஆரப்பாளையத்தில் கடைசல் உளி பிடிக்கத் தொடங்கியிருக்கும் இளங்கலைஞருக்கு,

கட்டில் கால், தொட்டில் தூண், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் குட்டைத் தூண் எனத் தச்சர் கொடுக்கும் அளவுக்குக் கடைந்து தருபவரின் கைவேலை, பெரும்பாலும் அந்தத் தச்சரின் பெயரிலேயே வீடுகளுக்குள் போய்ச் சேருகிறது. அதைக் கடைந்த கை எது என்று வாங்குபவர் நேரில் காணும் இடம் கண்காட்சி ஒன்றுதான். எனவே கண்காட்சிக்குச் செல்லும் கடைசல் குழு, செய்து முடித்த பொருள்களை மட்டும் அடுக்கிவைத்தால் அரங்க வாடகை வீணாகும். ஓடும் கடைசல் இயந்திரமே அங்குச் செல்ல வேண்டிய முதற்பொருள்.

1986-இல் தோன்றிய அமெரிக்க மரக்கடைசல் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள், மரவேலைக் கண்காட்சிகளில் இயந்திரத்தை நிறுவி, உறுப்பினர்கள் முறைவைத்துக் கடைந்து காட்டுவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. அவர்களுள் பலர் பொழுதுபோக்காகக் கடைபவர்கள். இங்கோ அது சோறு போடும் தொழில். ஆகவே அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது முறைவைத்து நிற்கும் ஒழுங்குதானே தவிர, வரவு செலவைப் பொருட்படுத்தாத தாராளம் அன்று.

எதைக் கடைந்து காட்டுவது என்பதற்கு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகளும் வழிகாட்டுகின்றன. மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினாகிய அரக்கில் வண்ணம் சேர்த்துக் குச்சியாக்கி, சுழலும் கட்டையின்மீது அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அது உருகிப் படர்கிறது. பின்னர்த் தாழை மடலால் தேய்க்க மெருகு ஏறுகிறது. கூட்டத்தை நிறுத்திவைக்க இதைவிடச் சிறந்த காட்சி இல்லை. கட்டையாக ஏறிய ஒன்று சில நிமிடங்களில் வண்ணப் பம்பரமாக இறங்குவதைப் பார்த்த குழந்தை, அதை வாங்காமல் நகர்வது அரிது. பார்ப்பவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள் என மூத்தவர்கள் சிலர் அஞ்சுவதுண்டு. உளி சாயும் கோணத்தைக் கண் பிடித்துவிடலாம், கை பிடிக்க ஆண்டுகள் ஆகும் என்பதை அவர்களே நன்கறிவார்கள்.

விற்பனைக்கு வைப்பவற்றுள் குங்குமச் சிமிழே கடைசல்காரரின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது, ஏனெனில் அரங்கிற்கு வரும் ஒவ்வொருவரும் அதன் மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை; ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் ஐப்பசி மழையின் ஈரம் மாறாத கட்டையில் வட்டமாகக் கடைந்த சிமிழ், சித்திரைத் திருவிழாவையொட்டி மதுரையில் நடைபெறும் அரசுப் பொருட்காட்சியின் வெயிலில் நீள்வட்டமாகிவிட, மூடி ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் ஆடும். முதலில் பருமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் உலரவிட்டு, மீண்டும் இயந்திரத்தில் ஏற்றி அளவுக்குக் கொண்டுவருவதே இதற்கு மாற்று. அவசரத்திற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூடியைப் பொருத்துவது இரண்டு நாள் தாங்கும். கண்காட்சியோ பல வாரம் நடக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கடைபவருக்கு முகக்கவசம், பார்ப்பவர்களுக்கு முன் ஒளிபுகும் தடுப்பு, தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் இயந்திரத்தை நெருங்கவே கூடாது.

தனியொருவராகச் செல்லாமல் குழுவாகப் பதிவுசெய்துகொள்வதில், முறைவைத்துக் கடையலாம் என்பதோடு மற்றொரு பயனும் உண்டு. ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குச் சட்டக் காப்பு அளிக்கும் புவிசார் குறியீட்டை, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உற்பத்தியாளர்களின் சங்கமோ அமைப்போதான் கோர முடியும். தனிப்பட்டறை கோர முடியாது. ஆனால் குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தில்தான். இயந்திரத்தின்முன் நின்று கடைந்து காட்டுபவரால் அந்த நேரத்தில் தம் சரக்கை விற்க இயலாது. அவர் சேர்த்த கூட்டமோ பக்கத்து மேசையில் உள்ள மற்றவரின் சிமிழை வாங்கிச் செல்லும். ஆதலால் கடைபவருக்குரிய நாட்கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுப்பதென, அரங்கிற்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதி, அனைவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.