நாலுக்கு ஒன்று

அன்புள்ள தம்பிக்கு,

நாலுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா என்று கேட்டிருந்தாய். பெங்களூரில் தனியாக வீடெடுத்து, கடை மாவை விட்டுச் சொந்தமாக அரைக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். எழுதிக்கொண்டாயா? இனி அதைக் கட்டிக்கொண்டு அழாதே. அந்த ஒரு பங்கில் எந்த உளுந்தைப் போடுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரிசி அவ்வளவாக ஏமாற்றாது. ஆடுதுறை 37, அம்பை 16 மாதிரி குண்டு ரகப் புழுங்கலரிசி எதுவும் சரிதான். ரேஷன் புழுங்கலரிசியில்கூட நல்ல தோசை வார்க்கலாம். உளுந்து அப்படியில்லை. புது உளுந்து நன்றாகக் காணும். அரைக்க அரைக்கப் பாத்திரம் நிறையும். கடையில் நாள்பட்டுக் கிடந்த உளுந்து எவ்வளவு அரைத்தாலும் அடியிலேயே கிடக்கும். அப்படிப்பட்டது வாய்த்தால் கால் பங்கு கூட்டிப் போடு. காணும் உளுந்தைக் கூட்டிப் போட்டாலோ தோசை கொழகொழத்து, முறுகவே முறுகாது.

மாவு புளிக்கிறது, ஆனால் பொங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். புளிப்பதும் பொங்குவதும் ஒன்றல்ல. லியூகோனாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்றொரு நுண்ணுயிரி தானியத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அது மாவைப் புளிக்கவைக்கும், கரியமில வாயுவையும் விடும். அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் பசையும்தான். உளுந்து சரியாக அரைபடாவிட்டால் வாயு நிற்காது. புளிப்பு மட்டும் மிஞ்சும். கையால் கலக்கினால்தான் மாவு புளிக்கும் என்பார்கள். கரண்டியால் கலக்கினாலும் புளிக்கத்தான் செய்யும். உன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. ஆனாலும் நான் கையால்தான் கலக்குகிறேன். மாவின் பதம் கைக்குத்தான் தெரியும்.

மிக்ஸியில் அரைப்பதில் தப்பில்லை. மிக்ஸி சூடாகும், அதுதான் தொல்லை. உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விட்டுவிட்டு ஓட்டு. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி ஐந்து மணி நேரம் ஊறட்டும். அதைத் தனியாக அரைத்துச் சேர்.

அப்புறம் குளிர். மாவுக்குப் பிடித்தது 30 டிகிரி பக்கம். சென்னை மே மாதத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் வழிந்து நிற்கிற மாவு, உன் ஊர் டிசம்பரில் பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் அசையாமல் இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வை. உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால் குளிர்காலத்தில் பொங்கிய பிறகு போட்டுக்கொள். சோடா மாவு பக்கம் போகாதே. மாவைக் கெட்டியாகவே பொங்கவிட்டு, அன்றைக்கு வார்க்கிற அளவுக்கு மட்டும் எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரை.

கல்லைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இரும்புக் கல்லே வாங்கு. நான்ஸ்டிக்கில் மாவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் கரண்டியோடு வழுக்கிக்கொண்டே போகும். கல் காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, நல்லெண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் தேய்த்துவிட்டு வார். தேய்க்கும்போது மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது. இன்னொரு கை தண்ணீர் தெளி. அடுப்பைக் குறைத்துக் குறைத்துக் கூட்டுவதைவிட இது சுலபம். மெல்லிய தோசையைத் திருப்பிப் போடாதே. அந்தக் கல்லில் சப்பாத்தி சுடவே சுடாதே. மறுநாள் தோசை பெயர்ந்து வராது.

நாலாம் நாள் மாவு புளிப்பேறி இருக்கும். வெங்காயம், பச்சைமிளகாய் அரிந்து போட்டு ஊத்தப்பமாக ஊற்றி மூடி வை. பணியாரக் கல் இருந்தால் இன்னும் விசேஷம்.

பொங்கலுக்கு வரும்போது நீ வாங்குகிற உளுந்தில் ஒரு ஆழாக்கு கட்டிக்கொண்டு வா. இங்கே கிரைண்டரில் போட்டுப் பார்த்தால், குற்றம் கடையிலா உன் மிக்ஸியிலா என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
சித்தி