நடந்து பார்க்க ஒரு தலைநகரம்

ஜொகூர் மாநிலத்தின் தலைநகரமான ஜொகூர் பாருவை 1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் நிறுவினார். அப்போது அதன் பெயர் தஞ்சோங் புத்திரி. அவர் மகன் அபு பாக்கார் 1866ஆம் ஆண்டில் இன்றைய பெயரைச் சூட்டினார். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியாக நாள்தோறும் பெருந்திரளானோர் சிங்கப்பூருக்குச் சென்று திரும்புகின்றனர். ஆனால், அவர்களுள் பலர் இந்நகரை வாகனத்தின் கண்ணாடி வழியாக மட்டுமே கண்டுள்ளனர்.

பழைய நகரை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். வெயில் ஏறுவதற்குள் ஜே.பி. சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படுவது நல்லது. எதிரே ஜாலான் வோங் ஆ ஃபூக் சாலையை ஒட்டிச் சிகெட் ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் தளம் போட்டு மூடப்பட்டிருந்த இந்த ஆறு, பின்னர் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதைக் கடந்தால் ஜாலான் தான் ஹியோக் நீ வரும். மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனக் குடியேறிகளின் தலைவர் ஒருவரின் பெயர் அது. அங்கு விறகடுப்பில் சுட்ட ரொட்டியின் மணம் இன்றும் வீசுகிறது.

அருகிலுள்ள ஜாலான் உங்கு புவானில் பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்துள்ளன. 1911இல் எழுந்த அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயமும் அங்கேதான் உள்ளது. சில நிமிடங்கள் நடந்தால் ஜாலான் துருஸ். ஐந்து சீன மொழிக்குழுவினர் பொதுவில் வழிபடும் பழைய கோயிலும் சீக்கியரின் குருத்துவாராவும் அத்தெருவில் உள்ளன. பிறகு, நீரிணையோரமாக மேற்கே நடந்தால், குன்றின்மேல் சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசல் தெரியும். 1892இல் தொடங்கி 1900இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் கோபுரங்கள், இங்கிலாந்தின் மணிக்கூண்டுகளை நினைவூட்டும்.

பழைய கடைத்தெருக்கள் நடப்போரை நம்பியே வாழ்கின்றன. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகன், 1962இல் தன் முதன்மைக் கடைவீதியில் வாகனங்களைத் தடை செய்தது. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சினர். மாறாக, நடப்போர் பெருகினர், வணிகமும் செழித்தது. வாகனத்தில் விரைபவருக்குக் கடையின் பெயர்ப்பலகை மட்டுமே தெரியும். நடப்பவரோ கடைக்காரரையும் அறிவார். இன்று நாம் நடக்காத தெரு, நாளை நம் பிள்ளைகளுக்குப் படமாக மட்டுமே எஞ்சக்கூடும்.

கருத்துணர் கேள்விகள்

1. ஜொகூர் பாரு என்னும் பெயர் எப்போது, யாரால் சூட்டப்பட்டது?
2. ஜாலான் துருஸ், ஜாலான் உங்கு புவான் ஆகிய தெருக்கள் உணர்த்தும் பண்பு யாது?
3. 'பழைய கடைத்தெருக்கள் நடப்போரை நம்பியே வாழ்கின்றன.' இக்கூற்றை உம் ஊர்த் தெரு ஒன்றைச் சான்றாகக் கொண்டு விளக்கி எழுதுக.