சிற்றோடமும் மின்சாரப் பொறியும்

தோள்வலியால் ஓடம் செலுத்துவோன் தன் ஆற்றலின் எல்லையைத் தானே அறிவான். கை சோர்ந்தவுடன் அவன் கண் கரையை நாடும். பொறியின் வலியாற் செல்லுவோனுக்கோ அத்தகைய அறிவிப்பு யாதுமில்லை. சிற்றோடத்தில் மின்சாரப் பொறி பூட்டும் முறையை ஆராயப் புகும் நாம், இவ்வேற்றுமையை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் நலம்.

வரலாறு

மின்சாரத்தால் ஓடம் செலுத்தும் எண்ணம் புதியதன்று. 1838-ஆம் ஆண்டில் மொரிட்ஸ் யாக்கோபி என்னும் விஞ்ஞானி, ருஷியாவில் நேவா நதியின்மீது மின்பொறி பூட்டிய படகொன்றைச் செலுத்திக் காட்டினார். 1881-இல் குஸ்தாவ் துரூவே என்பார் பாரிஸ் நகரின் செய்ன் நதியில், வேண்டும்போது பூட்டவும் கழற்றவும் கூடிய மின்பொறியைச் சுக்கானோடு இணைத்து ஓட்டினார். 1934-இல் ஓ. ஜி. ஷ்மிட் என்பார் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில், போர்டு மோட்டார் வண்டியைத் துவக்கும் சிறு பொறியை எடுத்து, அதனோடு தண்டும் சுழல்விசிறியும் சேர்த்து மீன்பிடிப் படகுக்கு உரியதாக்கினார். தூண்டிலை நீரில் இழுத்தவண்ணம் மெல்லச் செல்லுதலை ஆங்கிலத்தில் டிரோலிங் என்பர். ஆகவே இப்பொறிக்கு டிரோலிங் மோட்டார் என்னும் பெயர் வழங்கலாயிற்று. வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கனூ என்னும் ஓடத்திற்கும், இனுயிட் மக்களின் கயாக் என்னும் ஓடத்திற்கும் இன்று இதனையே பலர் பூட்டுகின்றனர். மூப்பினாலோ பிணியினாலோ தோள் தளர்ந்தோரும் ஏரியின் அமைதியை மீண்டும் நுகருதற்கு இஃது உதவுகின்றது.

பூட்டும் இடம்

இப்பொறியில் மோட்டாரும் விசிறியும் தண்டின் அடியில் நீருக்குள் இருக்கும். சூழ்ந்துள்ள நீரே மோட்டாரைக் குளிர்விக்கும். ஆகலின் அதனை நீருக்கு வெளியே நெடுநேரம் ஓட்டலாகாது. விசிறி நீர்மட்டத்தை ஒட்டியிருப்பின் காற்றை உள்ளிழுத்து வீணே சுழலும். மிக ஆழ்ந்திருப்பின் பாறையிலும் பாசியிலும் சிக்கும்.

பின்புறம் தட்டையாக வெட்டப்பட்ட கனூவில் பொறியை அங்கேயே பொருத்தலாம். இருமுனையும் கூரிய கனூவிலோ, அமர்வோனுக்குச் சற்றுப் பின்னே ஓடத்தின் குறுக்கே ஓர் உறுதியான மரச்சட்டத்தைப் பிணித்து, அதன் ஒரு நுனியிற் பொறியை இறுக்குவர். பொறி வலப்புறம் நின்று தள்ளினால் ஓடத்தின் முகம் இடப்புறம் திரும்பும். தள்ளும் விசை நடுக்கோட்டிற் செல்லாமையே இதன் காரணம். பொறியைச் சிறிது திருப்பிப் பிடித்து இதனைச் சரிசெய்யலாம். இரண்டு ஓடங்களை அருகருகே சட்டங்களாற் பிணித்து, இடையே பொறியை வைப்பின் இத்தொல்லை நீங்கும். கவிழும் அச்சமும் மிகக் குறையும். இருமேனிப் படகுக்கு ஆங்கிலேயர் வழங்கும் கட்டமரான் என்னும் சொல், நம் கட்டுமரம் என்பதன் திரிபே என்பதை மாணவர் அறிவர்.

பாட்டரியும் கம்பியும்

100 ஆம்பியர்-மணி கொள்ளும் ஈய பாட்டரி ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ளது. ஒருவன் தனியே பின்புறம் அமர்ந்து, பாட்டரியையும் தன் அருகே வைத்துக்கொள்வானாயின், ஓடத்தின் முன்முகம் நிமிர்ந்து காற்றுக்கு இலக்காகும். ஆதலின் பாட்டரியை முன்புறத்தில், அடித்தளத்தின் நடுவே, ஒரு பெட்டியிலிட்டு அசையாதபடி வாரினாற் கட்டுதல் வேண்டும். கட்டப்படாத பாட்டரி, ஓடம் சாயும்போது தானும் அப்பக்கமே சரிந்து, சாய்ந்ததைக் கவிழ்த்துவிடும்.

பாட்டரி முன்னும் பொறி பின்னுமாக இருப்பின் கம்பி நீளும். 3 மீட்டர் தூரத்திற்குப் போக்கும் வரவுமாக 6 மீட்டர் செம்புக்கம்பி வேண்டும். அதன் குறுக்களவு 4 சதுர மில்லிமீட்டரானால், 30 ஆம்பியர் ஓட்டத்தில் முக்கால் வோல்ட்டு அளவு கம்பியிலேயே வெப்பமாகக் கழியும். 16 சதுர மில்லிமீட்டரானால் கழிவு அதில் நாலில் ஒரு பங்காகும். 12 வோல்ட்டில் முக்கால் வோல்ட்டு சிறு நட்டமன்று. பாட்டரியின் அருகிலேயே ஓர் உருகியோ மின்தடுப்புச் சாவியோ இருத்தல் இன்றியமையாதது. அஃதின்றேல் கம்பிகள் ஒன்றையொன்று தொட்ட கணத்தில் நடுநீரில் தீ மூளும்.

வேகக் கணக்கு

ஓடம் செல்லுகையில் தானே ஓர் அலையை எழுப்புகின்றது. அவ்வலையின் நீளம் ஓடத்தின் நீளத்தை எட்டியபின், வேகத்தைக் கூட்டுவது மேட்டின்மேல் ஏறுவது போலாம். 16 அடி ஓடத்திற்கு இவ்வெல்லை மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஆகவே பெரிய பொறி பூட்டினால் பெருவேகம் வரும் என்பது மயக்கமே. எடை மிகுவதே அதன் பயன்.

நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகவும், வேண்டும் திறன் வேகத்தின் கனமாகவும் பெருகும். வேகத்தைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒரு பங்கே போதும். ஓர் உதாரணம்: ஈய பாட்டரியின் ஆயுள் கருதி 100 ஆம்பியர்-மணியில் 50 மட்டும் செலவிடுவோம். 30 ஆம்பியரில் மணிக்கு 6 கிலோமீட்டர் செல்வோமாயின், 1 மணி 40 நிமிடத்தில் 10 கிலோமீட்டரோடு மின்சாரம் தீரும். மணிக்கு 3 கிலோமீட்டராகச் சென்றால் கணக்கின்படி 40 கிலோமீட்டர் செல்லலாம். காற்றும் பொறியின் கழிவும் சேர, நடைமுறையில் இது குறையும். தடைச்சுருளால் வேகத்தைக் குறைக்கும் எளிய பொறிகளில் சேமிப்பு இன்னுங் குறைவு. மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் பொறிகளே இதில் மேலானவை.

திரும்பும் வழி

10 கிலோமீட்டருக்குரிய மின்சாரம் உண்டெனில், 5 கிலோமீட்டர் சென்று திரும்பலாமன்றோ என்று மாணவன் வினவலாம். நீர் அசையாது, காற்றும் வீசாதாயின் அக்கணக்குச் சரியே. போகும்போது முதுகில் வீசிய காற்று, வரும்போது முகத்தில் வீசும். அப்பொழுது அதே தூரத்திற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். ஆகலின் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என வகுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. காற்றை முதலில் எதிர்த்துச் சென்று, பின் அதன் துணையோடு மீளுதல் அதனினும் நன்று.

துடுப்பை வீட்டில் விட்டுச் செல்லலாகாது. மிதப்புச் சட்டையை மடித்து வைத்தலும் ஆகாது, அணிந்தே செல்லவேண்டும். வட அமெரிக்க ஏரிகளில், வேனிலின் தொடக்கத்தில் வெயில் காய்ந்தாலும் நீர் பனிபோற் குளிர்ந்திருக்கும். அதில் வீழ்ந்தவனுடைய விரல்கள் சில நிமிடங்களிலேயே செயலிழக்கும். நீந்தத் தெரிந்தவனும் தன் சட்டையின் வாரைக் கட்டமாட்டாதவனாவான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பொறி பூட்டப்பெற்ற சிற்றோடம் சட்டத்தின் முன் விசைப்படகாகவே எண்ணப்படும். அதனைப் பதிவு செய்து எண் பெறுதல் பொதுவிதி.

பொறி பூட்டிய ஓடமும் துடுப்புக்குரிய ஓடமே. கரையினின்று எத்துணைத் தூரம் செல்லலாம் என்பதைப் பாட்டரியைக் கொண்டு அளவிடாது, பொறி நின்றுபோனால் நம் கைகள் எத்துணைத் தூரம் மீட்டுக் கொணரும் என்பதைக் கொண்டே அளவிடுதல் வேண்டும். இவ்வளவை மறவாதவனுக்கு மின்பொறி நல்ல துணைவன். மறந்தவனை அது நடுநீரில் விட்டுவிடும்.