நோயாளரும் மருத்துவரும் கூடி எடுக்கும் முடிவு: அதனை அளக்குமாறு

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைக் கற்றோர், அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தமையை அறிவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன் என்பன அவை. இவற்றுள் நோயுற்றவனே முதற்கண் வைக்கப்பட்டமை சிந்திக்கற்பாலது. மருத்துவம் அவன்மேற் செய்யப்படும் வினை மாத்திரம் அன்று. அவனும் அதன் ஓர் உறுப்பாவான்.

இக்கருத்தினை 1982இல் அமெரிக்காவின் சனாதிபதி ஆணைக்குழுவொன்று வலியுறுத்திற்று. 1997இல் கனடா நாட்டறிஞராகிய சார்ள்சு, காவ்னி, வீலன் என்போர் இதற்கு நான்கு இலக்கணங்களை வகுத்தனர். மருத்துவரும் நோயாளரும் பங்குகொள்ளல் ஒன்று. இருவரும் தாம் அறிந்ததைப் பரிமாறல் இரண்டு. ஒத்த கருத்தை நாடி இருவரும் முயலல் மூன்று. செய்யும் சிகிச்சையில் இருவரும் உடன்படல் நான்கு.

இனி, இதனை அளப்பது எங்ஙனம்? காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு; உரையாடலை அளக்க யாது உண்டு? அறிஞர் கண்ட வழிகளுள் இரண்டினை ஈண்டுக் கூறுவாம்.

முதலாவது, மூன்றாமவர் ஒருவர் உரையாடலைக் கேட்டுப் புள்ளியிடுதல். வேல்சு நாட்டிலே கிளின் எல்வின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ‘ஒப்ஷன்’ என்னும் அளவை இவ்வகையினது. அதில் 12 கூறுகள் உள. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி இடப்படும்.

இரண்டாவது, நோயாளரையே வினாவுதல். செருமானியர் 2010இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 9 வாக்கியங்கள் உள. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை நோயாளர் புள்ளி இடுவர். முழுத்தொகை 45. பெற்ற தொகையை 20ஆற் பெருக்கி 9ஆல் வகுப்பின் நூற்றுக்கு இத்தனை என்பது பெறப்படும். 27 பெற்றவர்க்கு 60 ஆகும்.

இக்கணக்கு எளிது, அதன் பொருளை உணர்தலே அரிது. நாவிதன்வெளி உழவர் ஒருவர் நீரிழிவுக்காகக் கிட்டங்கி கடந்து கல்முனைக்குச் செல்கின்றார் எனக் கொள்வோம். இன்சுலின் ஊசி வேண்டும் என்கின்றார் மருத்துவர். “நீங்கள் சொன்னாற் சரி, ஐயா” எனத் தலையசைக்கின்றார் உழவர். வாயிலில் வினவினால் நன்றியுணர்வினால் ஒன்பதுக்கும் முழுப்புள்ளி இடுவார். ஆயின், அவர் விடியுமுன் வெறுவயிற்றோடு வயலுக்குச் செல்பவர் என்பதை மருத்துவர் கேட்டிலர், அவரும் சொல்லிலர். ஊசியேற்றி உண்ணாதிருந்தால் குருதியிற் சருக்கரை குன்றி மயக்கம் வரும். அது உயிருக்கும் இடராம். ஒருநாள் மயங்கியவர் ஊசியையே கைவிடுகின்றார். புள்ளியோ நூற்றுக்கு நூறு. கூடி எடுத்த முடிவோ இல்லை.

ஆதலின் மரியாதை வேறு, உடன்பாடு வேறு என்க. நோயாளர் இடும் புள்ளிகள் உச்சியிலே குவிதலையும், மூன்றாமவர் இடும் புள்ளியோடு பலகால் ஒவ்வாமையையும் ஆராய்ச்சியாளரும் கண்டுள்ளனர். ஓர் அளவையை மாத்திரம் நம்புதல் ஒருகண்ணாற் பார்த்தலை ஒக்கும். மேலும், பிறமொழியில் எழுந்த வினாக்களை நம் மக்களிடம் வைக்குமுன், அவர் வழங்கும் தமிழில் அமைத்துச் சோதித்தல் வேண்டும்.

நாளை மருத்துவராகவிருக்கும் மாணவர்காள்! “விளங்கிற்றா?” என வினவாதீர், அதற்கு “ஓம்” என்பதே விடையாய் வரும். “வீட்டிற்சென்று இதனை எவ்வாறு செய்வீர்கள்?” என வினவுங்கள். நோயாளராய்ச் செல்லும் பழைய மாணவர்களே! வேறு வழி உளதா, அதன் நன்மை தீமை யாவை, என் தொழிலுக்கு இது பொருந்துமா என்னும் மூன்றனையும் கேளுங்கள். கேட்டல் அவமதிப்பு ஆகாது. வள்ளுவர் முதற்கண் வைத்த இடத்தினை நோயாளர் வாய்திறந்தே பெறுதல் வேண்டும்.