எதிராளியின் வாதத்தை முதலில் சொல்

ஆனையூர், மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

இட ஒதுக்கீடு பற்றி உங்கள் துறை மாணவர்கள் நடத்தவிருந்த கருத்தரங்கம், சிலருடைய மனம் புண்படும் என்ற ஒரே காரணத்தால் நின்றுபோனதாக எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: “புண்படும் என்று ஒருவர் சொன்ன பிறகும் பேசுவது மரியாதைக் குறைவுதானே, ஐயா?”

இல்லை, அம்மா. நம் கல்லூரிகளில் மரியாதையைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணமே இதுதான். நல்ல பிள்ளைகளும் இதை நம்பிவிடுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அரசியலமைப்பின் 19ஆம் பிரிவையும் அதன் வரம்புகளையும் நீ படித்தவள். அதை விட்டுவிட்டு நீலகேசி என்ற சமணக் காப்பியத்துக்கு வருகிறேன். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று என்று தேர்வுக்கு எழுதியதோடு நம் பிள்ளைகள் அந்த நூலை மூடிவிடுகிறார்கள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அதைப் பதிப்பித்துக் கொடுத்த உழைப்புக்கு நாம் செய்யும் கைம்மாறு இவ்வளவுதானா? பேயாக இருந்த கதைத்தலைவி நீலி ஒரு சமண முனிவரிடம் கொல்லாமை அறம் கற்கிறாள். பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் எல்லோரோடும் வாதிடுகிறாள். பத்துச் சருக்கங்களில் முதல் சருக்கம் போக மற்றவையெல்லாம் வாதம்தான். எதிராளி தன் கொள்கையை எடுத்துவைத்த பிறகே அவள் மறுப்பு தொடங்கும். மறுப்பு மென்மையாகவும் இராது. கேலி உண்டு, குத்தல் உண்டு. இன்று எந்தக் கல்லூரி மேடையில் அப்படிப் பேசினாலும் அடுத்த நாள் முதல்வரின் மேசையில் புகார் இருக்கும்.

ஆனாலும் அந்த நூலுக்குள் பெரிய மரியாதை ஒன்று இருக்கிறது. நீலி எதிர்த்து வாதிட்ட பௌத்தக் காப்பியமான குண்டலகேசி அழிந்துவிட்டது. முழுமையாகக் கிடைப்பவை 19 பாடல்களே. அந்தக் காப்பியத்தின் பாடல்கள் சிலவற்றையும், வேறு பல பாடல்களின் தொடக்கங்களையும் நீலகேசிக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர் தம் உரையில் எடுத்துக் காட்டுகிறார். அவர் சமணர். மறுப்பதற்காகவே மேற்கோள் காட்டினார். மறுப்பதற்கு முன் எதிராளி சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும் என்ற அறிவொழுக்கம் அவரிடம் இருந்ததால்தான் குண்டலகேசியின் குரல் கொஞ்சமாவது நம் காதில் விழுகிறது. கல்விக்கூடத்தில் ஒருவருக்கு நாம் காட்டக்கூடிய ஆகப் பெரிய மரியாதை இதுவே என்பது என் உறுதியான கருத்து. இனிக்கப் பேசுவதும் வாயை மூடிக்கொள்வதும் இதற்கு ஈடாகா.

நம் மதுரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. சைவ நாயனார் சம்பந்தரிடம் அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதற்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சம்பந்தருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஆசிரியர் பெயரையும் மாணாக்கர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது ஒருமுறை அந்த மலையேறிப் பார்த்துவிட்டு வா. தோற்றவரைக் கழுவேற்றும் கதையா, தோற்றவரின் பாட்டைக் காப்பாற்றித் தரும் உரையா, எதை நம் கல்விக்கூடம் முன்மாதிரியாகக் கொள்வது? வாதத்தில் தோற்றவர் மறுநாளும் வகுப்புக்கு வந்து பேச முடிந்தால்தான் அது பல்கலைக்கழகம்.

இனி உன் கருத்தரங்கத்துக்கு வருகிறேன். இட ஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்து ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்றொரு படம் எடுக்கப்பட்டது. கலவரம் மூளும் என்று சொல்லித் தடுக்கப் பார்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. போராட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று அது சொன்னது. படத்தின் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. இட ஒதுக்கீட்டால்தான் என் வகுப்பறைகள் நிறைந்தன. ஆனால் அந்தத் தீர்ப்பு எனக்கு வேண்டும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் நடந்ததும் அந்த வழியில்தான்.

நம் கல்விக்கூடங்களோ அந்த வழியில் போகவில்லை. 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. பெயரில்லாத ஒரு புகார் மத்திய அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்துக்கு வந்திருந்தது. விதிமுறையை மீறினார்கள் என்றது நிர்வாகம். எங்களிடம் விளக்கமே கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் அங்கீகாரம் திரும்பியது. அந்தப் புகார்க்காரர் எதிரே வந்து உட்கார்ந்து வாதிட்டிருந்தால் எல்லோருக்குமே பாடமாக இருந்திருக்கும். 2020இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மாணவர் அமைப்பொன்று புகார் செய்தது என்று, மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்து அருந்ததி ராய் எழுதிய நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதன் வாதத்தை வகுப்பில் வைத்துக் கிழித்துக் காட்டியிருக்கலாமே! மறுக்கத் தெரிந்த ஆசிரியர் நூலை ஏன் ஒளிக்க வேண்டும்?

எல்லை கிடையாதா என்பாய். உண்டு. ஒருவரின் கொள்கையை, நூலை, தலைவரை, கடவுளை வாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். அவர் பிறப்பை எடுக்கக் கூடாது. சாதி சொல்லி இழிவுசெய்வதும், மிரட்டுவதும், ஒரு பெண்ணின் உடலைப் பேசி அவளைக் கூனிக் குறுக வைப்பதும் கருத்தல்ல. கருத்துக்கு மறுப்புச் சொல்லலாம். பிறப்பின் மேல் எறிந்த வசவுக்கு என்ன மறுப்புச் சொல்வது? அது கேட்டவரின் வாயை அடைத்து அவையிலிருந்து வெளியே தள்ளிவிடும். விடுதியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இதைச் செய்துவிட்டுக் கருத்துரிமை என்று வருகிறவனுக்காக நீ வாதாடாதே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்ததே இத்தகைய அவமதிப்பையும் குற்றமாக்கத்தான்.

ஆகவே ஒன்று செய். துறைத் தலைவரிடம் மறுபடியும் போய் அனுமதி கேள். மனம் புண்படும் என்று சொன்ன மாணவரையே முதல் பேச்சாளராக அழை. மறுப்புச் சொல்ல எழுகிறவர், தனக்கு முன் பேசியவரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்ன பிறகே தன் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று விதி வை. பிறப்பைத் தொட்டுப் பேசினால் மேடையிலிருந்து இறக்கிவிடு. அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். எப்படி நடந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்