விரிதாட் கணக்கில் விலைக் கலத்தை நிலைநிறுத்தல்

கமக்காரரிற் சிலர் தம் போகக் கணக்கைக் கொப்பியில் எழுதுவதை விட்டு, கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள விரிதாளில் எழுதத் தொடங்கியுள்ளனர். இது நல்ல வழக்கமே. ஆயினும் விரிதாள் ஒருபோதும் பிழைக்காது என்னும் நம்பிக்கையினால், சூத்திரம் எந்தக் கலத்தைச் சுட்டுகின்றது என்பதைக் கவனியாது விடுவோர் பலர். பெருக்கல் சரியாயிருக்கும், பெருக்கப்பட்ட எண் வேறாயிருக்கும். அவ்வாறு பிழைத்த செலவுக் கணக்கை நம்பி நெல்லுக்கு விலை பேசுபவர், நட்டத்திற்கு விற்றுவிட்டு இலாபம் கண்டதாக எண்ணுவார்.

விரிதாளில் மேலிருந்து கீழாகச் செல்வது நிரல். அதற்கு ஆங்கில எழுத்தே பெயர். இடமிருந்து வலமாகச் செல்வது நிரை, அதற்கு எண். இரண்டும் சந்திக்கும் கட்டம் கலம் எனப்படும். பி நிரலும் 1ஆம் நிரையும் சந்திக்கும் கலத்தின் முகவரி பி1 ஆகும். இங்கு எழுத்துக்கள் தமிழில் அச்சிடப்பட்டுள்ளன. விரிதாளில் ஆங்கில எழுத்தையே பதிக்க வேண்டும்.

நான்கு வயல்களிற் பெரும்போகம் செய்யும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவர் தாளின் தலையிற் பசளை விலைகளை எழுதியுள்ளார். பி1இல் ஒரு கிலோ யூரியா 180 ரூபா. பி2இல் முச்சுப்பர் பொசுபேற்று 220 ரூபா. பி3இல் மியூரியேற்றுப் பொட்டாசு 200 ரூபா. இவை கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்களே. கமக்காரர் தத்தம் பற்றுச்சீட்டில் உள்ள விலையை எழுதுக. 4ஆம் நிரை வெறுமையாக உள்ளது. 5ஆம் நிரையில் தலைப்புக்கள். 6 முதல் 9 வரையுள்ள நிரைகளில் வயல்கள். சி நிரலில் ஒவ்வொரு வயலுக்கும் இட்ட யூரியா முறையே 90, 45, 180, 135 கிலோ. டி நிரலிற் செலவு வரவேண்டும். அவர் டி6இல் எழுதிய சூத்திரம்:

=சி6*பி1

விடை 16,200 ரூபா, இது சரி. சரியென்று கண்டதும் அச்சூத்திரத்தைப் பிரதி செய்து கீழுள்ள மூன்று கலங்களிலும் இட்டார். ஒரு நிரை கீழே இறங்கும்போது சூத்திரத்திலுள்ள முகவரிகள் யாவும் ஒரு நிரை இறங்கும். சி6 என்பது சி7 ஆவது வேண்டியதே, அடுத்த வயலின் கிலோ அங்கேதான் உள்ளது. ஆனால் பி1 என்பதும் பி2 ஆகிவிடுகின்றது. ஆகவே இரண்டாம் வயலின் யூரியா பொசுபேற்று விலையாற் பெருக்கப்பட்டு 9,900 ரூபா எனவும், மூன்றாம் வயலினது பொட்டாசு விலையாற் பெருக்கப்பட்டு 36,000 ரூபா எனவும் வருகின்றன. நான்காம் வயலுக்கு வெறுமையான பி4 கிடைப்பதனால் விடை பூச்சியம். கூட்டுத்தொகை 62,100 ரூபா. உண்மைச் செலவோ 81,000 ரூபா. 18,900 ரூபா கணக்கிலிருந்து மறைந்துவிட்டது.

பூச்சியத்தைக் கண்டவர் ஐயுறுவார். ஐந்தாம் வயல் ஒன்று இருந்திருப்பின், தலைப்புச் சொல்லாற் பெருக்க முயன்று விரிதாளே தவறென்று காட்டியிருக்கும். 9,900, 36,000 என்பவையே ஆபத்தானவை. அவை மெய்யான செலவு போலத் தோன்றுகின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. விலைக் கலத்தின் முகவரியில் எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டொலர் குறி இடுக:

=சி6*$பி$1

பணத்திற்கும் இக்குறிக்கும் தொடர்பில்லை. எழுத்தின் முன் உள்ள குறி நிரலையும், எண்ணின் முன் உள்ள குறி நிரையையும் நகராது பிடிக்கின்றது. எங்கு பிரதி செய்யினும் பி1 பி1ஆகவே இருக்கும். இதனைத் தனி முகவரி என்பர். குறியில்லாதது சார்பு முகவரி. எக்செலிற் சூத்திரத்தை எழுதும்போது முகவரியின் மேல் நின்று எஃப்4 விசையை அழுத்தினாற் குறிகள் தாமே வரும். கைத்தொலைபேசியில் கையாற் பதிக்கலாம். 1979இல் வெளிவந்த விசிகல்க் என்னும் விரிதாள், பிரதி செய்யும்போது ஒவ்வொரு முகவரியும் மாறவேண்டுமா என்று வினவிற்று. இன்றைய விரிதாள்கள் வினவுவதில்லை.

விலையைக் கலத்தில் எழுதாமற் சூத்திரத்திலேயே 180 என்று எழுதினால் என்ன என்று கேட்கலாம். அவ்வாறு எழுதின், விலை மாறும்போது ஒவ்வொரு சூத்திரத்தையும் திருத்த நேரிடும். ஒன்று விடுபட்டாலும் கணக்குப் பிழைக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் பின் பசளை விலை எவ்வாறு ஏறிற்று என்பதைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார். விலை ஒரு கலத்தில் இருப்பின் அதனை மட்டும் மாற்றினாற் போதும்.

ஆனால் இவ்வசதியிலும் ஓர் இடர் உண்டு. முதலாம் மேற்கட்டுப் பசளையைப் பழைய விலைக்கும் இரண்டாவதைப் புதிய விலைக்கும் வாங்கியவர் பி1ஐ மாற்றுவாராயின், முன்னர் செய்த செலவும் புதிய விலைக்கு மாறிவிடும். அத்தகையோர் இரு விலைகளையும் இரு கலங்களில் எழுதி, ஒவ்வொரு சூத்திரமும் உரிய கலத்தைச் சுட்டச் செய்க.

எல்லாவற்றையும் நிலைநிறுத்துவதும் தவறே. மரக்கறிச் செய்கையாளருக்குக் கத்தரிக்காயின் விலை சந்தைக்குச் சந்தை வேறுபடும். அது ஒவ்வொரு விற்பனை நிரையிலும் தனித்தனியே இருத்தல் வேண்டும். சந்தையிற் கழிவு அறவிடப்படுமாயின், அதன் வீதம் மட்டும் தாளின் தலையில் ஒரு கலத்தில் நிற்கட்டும். பி நிரலிற் கிலோவும், சி நிரலில் விலையும், பி1இற் கழிவு வீதமும் இருப்பின், கழிவுத் தொகைக்கான சூத்திரம் =பி5*சி5*$பி$1 ஆகும். நெல்லைப் புசலிற் கணக்கிடுவோர், ஒரு புசலின் நிறையாகிய ஏறத்தாழ 20.9 கிலோவையும் இவ்வாறே ஒரு கலத்தில் நிறுத்தலாம்.

குறி ஒன்றே போதுமான இடமும் உண்டு. பி நிரலில் ஏக்கரும், 2ஆம் நிரையில் ஏக்கருக்குரிய மூவகைப் பசளை அளவுகளும் இருப்பின், சி3இல் =$பி3*சி$2 என எழுதி, வலப்புறமும் கீழ்ப்புறமும் பிரதி செய்யலாம். ஏக்கர் தன் நிரலையும், அளவு தன் நிரையையும் விட்டு விலகா.

சரிபார்க்கும்போது முதல் நிரையைப் பார்த்து அமைதல் கூடாது. அது எப்பொழுதும் சரியாகவே இருக்கும். கடைசி நிரையின் சூத்திரத்தைத் திறந்து பார்க்க. மூடைக் கணக்கும் உதவும். மேற்கூறிய நான்கு வயல்களுக்கும் சென்ற யூரியா 450 கிலோ, அதாவது 50 கிலோ மூடை 9. மூடை 9,000 ரூபாவாக 81,000 ரூபா என்று மனத்தாலேயே கணிக்கலாம்.

டொலர் குறி பிரதி செய்வதனால் வரும் மாற்றத்தையே தடுக்கும். விலை நிரைக்கு மேல் புதிய நிரை ஒன்றைச் செருகினால், $பி$1 தானே $பி$2 ஆகும். விலையும் அங்கே இறங்கியிருக்குமாதலின் அதனைத் திருத்த வேண்டியதில்லை. விலை நிரையை அடியோடு நீக்கினாலோ சூத்திரங்கள் யாவும் பிழைச் செய்தி காட்டும். உடனே மீட்டற் கட்டளை கொடுத்து அந்நிரையைத் திரும்பப் பெறுக.