ஒன்பது புள்ளிக் கோலமும் அறுகோண விளையாட்டும்



மார்கழி மாதத்தில் நம் சங்கரன்கோவில் வீதிகளில் விடியுமுன்னே வாசல் தெளித்துக் கோலமிடுவதைக் காண்கிறோம். கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என இரு வகை உண்டு. நடுவரிசையில் 9 புள்ளி வைத்து, மேலும் கீழும் இடைப்புள்ளியாக ஒவ்வொன்று குறைத்து 5 வரை கொண்டுவந்தால் 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5 என மொத்தம் 61 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஓர் அறுகோணம் வரைந்தால் தேனடை போன்ற பலகை கிடைக்கும். கைப்பேசியில் பலர் ஆடும் அறுகோணக் கட்ட விளையாட்டுக்கு இந்தப் பலகையே போதும்.

அறுகோணம் ஏன்? ஒழுங்கு அறுகோணத்தின் ஒரு கோணம் 120 பாகை. மூன்று சேர்ந்தால் 360 பாகை. எனவே இடைவெளியின்றிப் பொருந்தும். ஒழுங்குப் பலகோணங்களுள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றுக்கே இவ்வாறு தனித்துத் தளத்தை நிரப்பும் ஆற்றல் உண்டு. ஒரு தளத்தைச் சம பரப்புள்ள அறைகளாகப் பிரிக்கும்போது மிகக் குறைந்த சுவர் போதுமானது தேனடை அமைப்புக்கே என்று 1999-ல் தாமஸ் ஹேல்ஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் நிறுவினார்.

ஆட்ட முறை எளிது. ஒன்று முதல் நான்கு கட்டம் வரை கொண்ட துண்டுகள் மும்மூன்றாக வரும். அவற்றைத் திருப்பாமல் பலகையில் வைக்க வேண்டும். ஒரு வரிசை முழுவதும் நிரம்பினால் அது மறைந்து இடம் காலியாகும். வைக்க இடமில்லாதபோது ஆட்டம் முடியும். வரிசைகள் மூன்று திசைகளில் செல்லும். திசைக்கு 9 வீதம் 27 வரிசைகள். ஒவ்வொரு கட்டமும் மூன்று வரிசைகளுக்கு உரியது என்பதை மறவாதீர்கள்.

இனி, வெற்றிக்கான வழிகள்:

1. மூன்று துண்டுகளையும் பார்த்த பின்னரே முதல் துண்டை வையுங்கள். மூன்றை அடுக்க 6 முறைகள் உண்டு. ஒரு முறையில் இடமில்லாத துண்டுக்கு வேறு முறையில் இடம் கிடைக்கலாம்.

2. ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். ஓர வரிசைகள் ஆறுக்கும் ஐந்தைந்து கட்டங்களே. நடுவழியே செல்லும் வரிசைக்கோ 9 கட்டங்கள் வேண்டும். நடுக் கட்டத்திற்கு அண்டைக் கட்டங்கள் 6. மூலைக் கட்டத்திற்கு 3 மட்டுமே. எனவே எந்த வடிவமும் அமர வசதியான நடுப்பகுதியைக் கூடியவரை காலியாக வையுங்கள்.

3. தனித்த ஒற்றைக் குழி விடாதீர்கள். அதை ஒற்றைக் கட்டத் துண்டால் மட்டுமே அடைக்க முடியும். அப்படி ஒரு குழி விழுந்துவிட்டால், அதன் வழியாகச் செல்லும் வரிசையை நம்பிப் பயனில்லை. குழியைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் செல்லும் வரிசையை முடியுங்கள். குழியின் சுவர் நீங்கி வழி பிறக்கும்.

4. நேராக நான்கு கட்டம் உள்ள துண்டு மூன்று திசைகளில் எதிலும் வரலாம். மூன்று திசையிலும் அதற்கு இடமிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

5. ஒரே துண்டால் இரண்டு, மூன்று வரிசைகளை முடிப்பது நன்று. ஆனால் அதற்காகவே நெடுநேரம் காத்திருந்தால் பலகை நிரம்பிவிடும். இடம் நெருக்கமானால் கிடைத்த வரிசையை உடனே முடியுங்கள்.

நம்மில் பலர் வீட்டில் ஒரே கைப்பேசிதான். அதுவும் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். அதனால் என்ன? ஒரு தாளில் 9 புள்ளிக் கோலம் வைத்து அறுகோணங்கள் வரையுங்கள். துண்டுகளின் வடிவங்களைச் சீட்டுகளில் வரைந்து ஒரு டப்பாவில் இடுங்கள். மூன்று சீட்டு எடுத்து, அந்த வடிவில் புளியங்கொட்டைகளை அடுக்குங்கள். வரிசை நிரம்பினால் கொட்டைகளை அள்ளிவிடுங்கள். திசைகளை நம் கண்ணே தேடவேண்டியிருப்பதால் இதில்தான் பயிற்சி அதிகம்.

பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். முழுவதையும் பார், பிறகு வரிசையை முடிவு செய், அடுத்து வருவதற்கு இடம் விட்டு வை என்பதுதானே அங்கும் பாடம்? இவ்விளையாட்டில் நேரக் கெடு இல்லை. தோற்பவர்களில் பலர் அவசரத்தால் தோற்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது நம் பாட்டிமார் சொன்ன பழமொழி. கோலம் போடத் தெரிந்த கைகளுக்கு இது புதிய வித்தை அன்று. இந்த விடுமுறையில் தங்கையரையும் அமர்த்தி ஆடிப் பாருங்கள்!